முதலில் பாப்பாவின் உயரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு தீம் பார்க் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, பதினான்கு வயது மகன், ஐந்து வயது மகள், எழுபதை நெருங்கும் என் பெற்றோர் என ஆறு பேர். பெங்களூரு வொண்டர்லாவில் 60க்கும் மேற்பட்ட ரைடுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். கொச்சியிலும் சென்னையிலும் அதே நிறுவனத்தின் பூங்காக்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் உள்ள பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்காவே போதும் என்கிறார் என் மைத்துனர். கொடுக்கிற காசுக்கு எது சிறந்தது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆறு பேரைப் பட்டியல் போட்டுவிட்டு ஒருவருக்கான கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். 60 ரைடுகள் என்ற விளம்பரக் கணக்கு உங்கள் மகனுக்குப் பொருந்தும். உங்களுக்கும் ஓரளவு பொருந்தலாம். மற்ற நால்வருக்கு அந்த எண்ணிக்கை எவ்வளவாகச் சுருங்கும் என்று பார்த்த பிறகுதான் எந்தப் பூங்கா என்ற பேச்சுக்கே வர வேண்டும்.

மகளிடமிருந்து தொடங்குவோம். இத்தகைய பூங்காக்களில் வயதை யாரும் கேட்பதில்லை; உயரத்தைத்தான் அளக்கிறார்கள். தலைகீழாகச் சுழற்றுகிற, உயரத்திலிருந்து விழுகிற பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. உயரம் கேட்பது வழக்கம். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் 105 முதல் 110 செ.மீ. வரைதான் இருக்கும். சிலர் இதை ஏதோ குழந்தை பயந்துவிடும் என்பதற்கான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு, "எங்கள் பாப்பா பயப்பட மாட்டாள், ஏற்றிவிடுங்கள்" என்று ஊழியரிடம் மன்றாடுவதைப் பார்த்திருக்கிறேன். இருக்கையில் அமர்ந்தவரைத் தோளிலும் மடியிலும் அழுத்திப் பிடிக்கிற கம்பி, குறிப்பிட்ட அளவுள்ள உடலுக்கென்று வடிவமைக்கப்பட்டது. அதைவிடச் சிறிய உடலுக்கும் கம்பிக்கும் இடையில் விழுகிற இடைவெளி வழியே குழந்தை நழுவிவிடக்கூடும் என்பதால்தான் அந்தக் கோடு போடப்பட்டிருக்கிறது. எனவே மன்றாட்டுக்கு மசிகிற ஊழியர் இருக்கும் பூங்காவுக்கு மறுமுறை போகாதீர்கள்.

அடுத்து உங்கள் பெற்றோர். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகு வலி, கழுத்துத் தேய்மானம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேகமான எந்த ரைடிலும் ஏறக் கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் பலகை வைத்திருக்கிறார்கள். எழுபது வயதில் இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர் அபூர்வம். மூத்த குடிமக்களுக்குச் சீட்டில் சலுகை உண்டு என்று நீங்கள் சொல்லலாம். வெயிலில் ஒரு பெஞ்சில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குச் சலுகை விலையும் அதிகம்தான்.

உங்கள் கேள்வியில் மனைவி ஓர் எண்ணாக மட்டுமே வருகிறார். அவரை இதுபற்றிக் கேட்டீர்களா? பெரிய பூங்காக்களின் நீர்ப்பகுதியில் சேலை, சுடிதார், பருத்தி ஆடை எதற்கும் அனுமதி கிடையாது. நைலான் அல்லது பாலியெஸ்டர் நீச்சலுடையோடுதான் இறங்க வேண்டும். பருத்தி நூல் வடிகட்டிகளை அடைக்கும், தொங்கும் துணி சறுக்குக் குழாய்களில் சிக்கும் என்பதால் விதி நியாயமானதே. ஆனால் அதை நுழைவாயிலில் போய்த் தெரிந்துகொள்கிற குடும்பங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? அப்பாவும் பிள்ளைகளும் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். அம்மா லாக்கர் வரிசைக்கு எதிரே, ஒரு பாலித்தீன் பையில் எல்லோருடைய செல்பேசிகளும், தோளில் ஈரத் துண்டுகளும், காலைச் சுற்றி ஐந்தாறு ஜோடிச் செருப்புகளுமாக உட்கார்ந்திருப்பார். அவர் பெயரிலும் முழுக் கட்டணச் சீட்டு வாங்கப்பட்டிருக்கும். உங்கள் மனைவிக்கு அந்த உடையில் இறங்கச் சம்மதமா என்று வீட்டிலேயே கேளுங்கள். சம்மதம் என்றால் முழங்கால் வரை மறைக்கிற நீச்சலுடையை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் விலை வேறாக இருக்கும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இடங்களைப் பார்த்தால் பெங்களூரு தானாகவே பின்னுக்குப் போகிறது. 2005இல் மைசூர் சாலையில் பிடதி அருகே தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு அது சொர்க்கம்தான். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. வண்டி ஓட்டி, அதிலும் பெங்களூரு நகரத்தைக் குறுக்கே கடந்து போய், ஆறு பேரில் இரண்டு பேர் முழுதாக அனுபவிப்பதற்கு இரண்டு இரவுகள் அறை எடுப்பது என்ன கணக்கு? 2000இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய கொச்சிப் பூங்கா இதைவிட உங்களுக்குப் பக்கம், பசுமையும் அதிகம். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கனமழை கொட்டும்போது உயரமான ரைடுகளை நிறுத்திவிடக்கூடும் என்பதால், போவதானால் ஏப்ரலிலோ மே முதல் பாதியிலோ போய்விட வேண்டும். சென்னைப் பூங்கா 2025 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. எல்லாம் புத்தம் புதிதாக இருக்கும். கத்திரி வெயிலில் அங்கே முதியவர்களையும் ஐந்து வயதுக் குழந்தையையும் கூட்டிப்போக நான் சொல்ல மாட்டேன். டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு அதை ஒத்திப்போடுங்கள்.

ஆகவே என் வாக்கு உங்கள் மைத்துனருக்கே. பிளாக் தண்டர் ரைடுகளின் எண்ணிக்கையிலோ பிரம்மாண்டத்திலோ வொண்டர்லாவுக்கு ஈடாகாது; உங்கள் மகன் முதல் மணி நேரத்திலேயே அதைச் சொல்லிக் காட்டுவான். ஆனால் அது இருக்கும் இடம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. திண்டுக்கல்லிலிருந்து 200 கி.மீ.க்குள் வந்துவிடுகிறது, நீலகிரி மலையடிவாரம். நீங்கள் நால்வரும் தண்ணீரில் இருக்கும் நாளில் உங்கள் பெற்றோர் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயிலில் குன்னூர் வரை போய், பிற்பகல் ரயிலில் திரும்பிவிடலாம். 1899இல் ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்த ரயில் அது. கல்லாறுக்கு மேல் செங்குத்தான ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்வரிசையைப் பற்சக்கரத்தால் பிடித்து ஏறுகிற அந்தப் பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது, அவர்களுக்கு எந்தத் தீம் பார்க்கிலும் கிடைக்காது. கோடையில் அந்தச் சீட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் ரயிலில் இடம் கிடைத்த தேதியை வைத்துப் பூங்காத் தேதியை முடிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் பவானிக் கரையில் வன பத்ரகாளியம்மன் கோவில் இருக்கிறது. பூங்கா கோவை மாவட்டத்துக்குள் இருப்பதால், நீலகிரிக்குப் போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் கேட்கப்படும் இ-பாஸ் தொல்லையும் இல்லை.

மகனை ஏமாற்றியதாக நினைத்தால், அவனை மட்டும் அழைத்துக்கொண்டு நீங்கள் வேறொரு சமயம் ரயிலில் பெங்களூரு போய் வாருங்கள். இரண்டு பேர் செலவுதான் ஆகும். ஒரே நாளில் எல்லோரையும் ஒரே வாசலுக்குள் நுழைத்தால்தான் குடும்பச் சுற்றுலா என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

எந்த ஊருக்குப் போனாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊஞ்சல் போல் ஆடும் ரைடு ஒன்று ஆட்டத்தின் நடுவிலேயே முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்சத ராட்டினம் உயரத்திலேயே நின்றுவிட, மேலே சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தின் உள் நிலை நமக்குத் தெரியாது. அதை இயக்குகிறவரின் வேலையைப் பார்க்க முடியும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஊழியர் ஒவ்வொரு இருக்கையாக வந்து பூட்டைக் கையால் இழுத்துப் பார்க்கிறாரா என்று இரண்டு சுற்று நின்று கவனியுங்கள். நின்ற இடத்திலிருந்தே கையசைத்து ஓட்டினால் மகனை ஏற்றாதீர்கள். செயற்கை அலைக்குளத்தில் அலை தொடங்குமுன் சங்கு ஒலிக்கும். அந்தச் சமயத்தில் மகளின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும், உயிர்காப்பாளர் நிற்கிறாரே என்று விட்டுவிடக் கூடாது.

சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாயோ புதனோ போனால் பல பூங்காக்களில் கட்டணமும் குறைவு, வரிசையும் குறைவு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் மகளுக்கு மருந்தோ தனி உணவோ தேவைப்பட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இணையத்தில் சீட்டு எடுக்கும்போது, குழந்தைக் கட்டணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் உயர வரம்பைப் படித்துவிட்டு எடுங்கள். வொண்டர்லாவில் 140 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரியவர் கட்டணம்தான். உங்கள் மகன் இந்த ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று சுவரோரம் நிறுத்தி அளந்த பிறகு பணம் கட்டுங்கள், வாசலில் போய் ஆதார் அட்டையைக் காட்டி வாதாட வேண்டாம்.