வெறும் வலையும் அரை வைரஸும்

கேள்வி: என் மகனுக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ரத்தம் கொடுத்தோம். டெங்கு இல்லை என்றார்கள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் டெங்கு! கிருமி குறைவாக இருந்ததால் அகப்படவில்லை என்கிறார்கள் பக்கத்து வீட்டில். ரத்தத்திலிருந்து வைரஸை மட்டும் திரட்டிக் கொடுக்கும் சிறிய சிப் வந்திருக்கிறதாமே, அது இருந்தால் முன்பே தெரிந்திருக்குமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, கிருமி மேல் பழி வேண்டாம். இரண்டாம் நாளில் டெங்கு வைரஸ் ரத்தத்தில் தாராளமாகவே இருக்கும். நீங்கள் அனுப்பிய சீட்டில் ‘ஐஜிஎம்’ என்றிருக்கிறது. அது வைரஸைத் தேடும் சோதனையே இல்லை. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுவது. அது தலைகாட்ட நாலைந்து நாளாகும். அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது, வைரஸின் புரதத்தையே தேடும் ‘என்எஸ்1’ சோதனை. காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று சீட்டில் யாரும் எழுதவில்லை. ஆய்வகத்தில் முப்பது வருடம் ரத்தம் எடுத்த நானும் அப்படிப்பட்ட சீட்டுகளை ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தவன்தான்.

சிப்புக்கு வேலை வேறு இடத்தில். மருந்து சாப்பிடும் எச்ஐவி நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் அரிதாகிவிடும். ஒரு மில்லிலிட்டரில், அதாவது ஆயிரம் மைக்ரோலிட்டரில், 100 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையின் குழாய்க்குள் போவது அதில் 5 மைக்ரோலிட்டர் என்றால், கணக்குக்கு அரை வைரஸ்! பாதிக்கு மேற்பட்ட தடவை வெறும் வலைதான் வரும். அந்த நூறையும் 20 மைக்ரோலிட்டருக்குள் ஒடுக்கிவிட்டால், அதே 5-இல் 25 இருக்கும்.

எப்படி ஒடுக்குவது? சலித்தெடுக்கலாம் என்றால், டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர். சிவப்பணுவில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு பொடிக் கண் வைத்தால் ரத்தத்தின் புரதம் ஒட்டி, பாசி பிடித்த வலை போல அடைத்துக்கொள்ளும். 2004-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வேறு வழி காட்டினார்கள். முடியளவு வாய்க்காலுக்குள் நுண்தூண்களை நட்டு, ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையிலிருந்து சற்றே தள்ளி வைத்தார்கள். தூண்களின் இடைவெளி துகளைவிடப் பெரிது, எதுவும் சிக்காது. ஆனால் பாம்பன் பாலத்தடியில் தெர்மோகோல் துண்டு நீரோட்டத்தோடு நெளிந்து போய்விடும், வள்ளம் தூணில் முட்டி ஒதுங்கும், பார்த்திருப்பீர்கள். அதுபோலச் சிறியது நேரே போகும்; பெரியது வரிசைக்கு வரிசை ஒதுங்கி வேறு வாசலில் போய்ச் சேரும். 2016-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 20 நானோமீட்டர் துகள் வரை இப்படிப் பிரித்தார்கள். வைரஸை மட்டும் பிடித்துக்கொள்ளும் காந்த மணிகளை ரத்தத்தில் கலந்து, காந்தத்தால் ஒரு மூலைக்கு இழுக்கும் சிப்புகளும் உண்டு. எனக்கு அதுதான் பிடித்தம்; தூண்டிலில் இரை பார்த்துப் போடுவது மாதிரி.

பழைய முறையில் வைரஸை அடியில் படியவைக்க, சாதாரண சுழற்றி போதாது. துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஓர் அதிவேகச் சுழற்றி வேண்டும். நம் பக்கத்துச் சிறிய ஆய்வகங்களில் அதை எங்கே வைப்பது, மின்சாரம் போனால் என்ன செய்வது! சிப் என்றால் சட்டைப்பையில் வரும்.

அதற்கும் ஒரு சத்துரு உண்டு: காற்றுக்குமிழி. பயிற்சிக்குப் போன இடத்தில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு குமிழி வாய்க்காலில் உட்கார்ந்து ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்தபோது, சிப்பை விரலால் தட்டினால் போய்விடும் என்று சொல்லித் தட்டி, ஒரு குமிழியை மூன்றாக்கியவன் நான்.