வேலூர்ப் பக்கம் சபைகள் எப்படி முளைத்தன? கேளுங்கள், சொல்கிறேன்

என் தாத்தா ஆரணிப் பக்கம் உபதேசியாராக இருந்தவர். நான் பள்ளி வாத்தியார், இப்போது ஓய்வு. பாஸ்டரேட் கமிட்டியில், அதாவது சபை வட்டத்தின் நிர்வாகக் குழுவில், பல வருஷம் குப்பை கொட்டிய அனுபவமும், பழைய மிஷன் ரிப்போர்ட்டுகளைப் புரட்டும் கெட்ட பழக்கமும் உண்டு. நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: ஐயா, வேலூரில் கிறிஸ்தவம் ஐடா அம்மாவால்தானே வந்தது?

ஐடா அம்மா ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரில் நின்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஐடா ஸ்கடர் 1900ல் ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தபோது, ஆற்காடு மிஷனுக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1836ல் சென்னைக்கு மாறினவர். அவர் பிள்ளைகள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் மூவரும் சேர்ந்து 1853ல் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். ஐடா அம்மா பிறந்ததே ராணிப்பேட்டையில்தான், 1870ல்.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த அண்ணன் தம்பிகள் ஆரம்பத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடமே வேண்டாம், கிராமம் கிராமமாகப் போய்த் தமிழில் பிரசங்கம் செய்வதுதான் வேலை என்று பிடிவாதமாக இருந்தார்கள். இன்று அந்த மிஷனின் பேர் நிற்பது ஊரீசு கல்லூரியிலும் ஆஸ்பத்திரிகளிலும்.

கேள்வி: கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச் அதைவிடப் பழசாச்சே அண்ணா?

பழசுதான், 1846. ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தார் ஆராதிக்கக் கட்டியது. ஊர்ச் சபை வேறு, பட்டாள சர்ச் வேறு.

கேள்வி: நான் இந்து, கிண்டலாகக் கேட்கவில்லை. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றி மதம் மாற்றினார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையா?

நேராகக் கேட்டதற்கு நன்றி தம்பி. 1876 முதல் 78 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன்களின் தலைக்கணக்கு சரசரவென்று ஏறியது உண்மை, மழை வந்த பிறகு அதில் ஒரு பகுதி இறங்கியதும் உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பஞ்சத்துக்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1860களிலேயே, சேரிகளிலிருந்து பத்துக் குடும்பம், இருபது குடும்பம் என்று சேர்ந்து வந்து "எங்களுக்கு ஒரு வாத்தியாரைக் கொடுங்கள்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கவனியுங்கள், கஞ்சி கேட்கவில்லை, வாத்தியாரைக் கேட்டார்கள். பிள்ளை எழுதப் படிக்க வேண்டும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும், தாலுக்கா கச்சேரியில் ஒரு மனு கொடுக்க வேண்டும், மரியாதையாக ஒரு மனிதர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார வேண்டும். இதோடு தெய்வத் தேடலும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரிக்க யாராலும் முடியாது, அன்றைய மிஷனரிகளே தங்களுக்குள் இதைப் பற்றி மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

சேர்ந்ததற்கு விலையும் கொடுத்தார்கள். பண்ணை வேலை நிற்கும், கடன் பத்திரம் திடீரென்று வெளியே வரும், கிணற்றுப் பக்கம் போக முடியாது. தனி ஆளாக மாறியிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டார்கள். குடும்பம் குடும்பமாக, சொந்தபந்தத்தோடு வந்ததால்தான் கல்யாணம், சாவு எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடந்து சபை நின்றது. சபை வளர்ச்சி பற்றி எழுதிய அமெரிக்க மிஷனரி டொனால்ட் மெக்காவ்ரன் 1950களில் "ஜனங்கள் உறவு வழியாகத்தான் வருவார்கள்" என்று கோட்பாடாக எழுதியதற்கு, நம்ம ஆற்காட்டுச் சேரிகள் நூறு வருஷம் முந்தைய சாட்சி. அதன் மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது: ஒரே சாதியாக வந்ததால் ஒரே சாதிச் சபையாகவே உறைந்துபோன ஊர்கள் எத்தனை! வளர்ச்சிக் கணக்கு பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

கேள்வி: உபதேசியார் என்றால் பாஸ்டரா?

இல்லை. ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது, அதற்குப் பட்டம் பெற்ற பாஸ்டர், அந்தக் காலத்துப் பேச்சில் ஐயர், மாட்டு வண்டியில் எப்போதாவது வருவார். மற்றதெல்லாம் உபதேசியார் தலையில்தான். பகலில் பள்ளிக்கூடம், இரவில் லாந்தர் வைத்து ஜெபம், நடுவில் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை, தாலுக்கா ஆபீசுக்கு மனு. என் தாத்தா கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், ஊரில் பாதிப் பேரின் கடிதம் அவர் எழுதியதுதான். சம்பளமோ சொற்பம், அதுவும் தாமதமாக வரும். சபை நாட்டினது யார் என்று என்னைக் கேட்டால் ஸ்கடர் பெயரைவிட இந்த ஆட்களையும், வீட்டுக்குள் நுழைந்து பெண்களிடம் பேசிய பைபிள் உமன்களையும்தான் முதலில் சொல்வேன். கல்வெட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஆம்பூர் முழுக்க லுத்தரன், ஆற்காடு லுத்தரன் சபை கடலூரில், வேலூரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தலை சுற்றுகிறது பிரதர்.

மிஷன்கள் ஒருத்தர் வயலில் ஒருத்தர் விதைக்கக் கூடாது என்று ஏரியா பிரித்துக்கொண்டதன் விளைவு. வேலூர், ஆரணி, சித்தூர், மதனப்பள்ளி வரை ரிஃபார்ம்டு சபை அமெரிக்கர்கள், அதாவது ஆற்காடு மிஷன். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காட்டின் தலைநகர் என்பதை மறக்க வேண்டாம். 1895ல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அமெரிக்க மிசோரி லுத்தரன்கள் ஆம்பூர் பக்கம் பரவினார்கள். தென்னாற்காட்டிலும் திருவண்ணாமலையிலும் டேனிஷ்காரர்கள், அவர்கள் வழி வந்ததுதான் ஆற்காடு லுத்தரன். ஆற்காட்டு ஊரில் போய்த் தேடாதீர்கள். 1947 செப்டம்பர் 27ல் சி.எஸ்.ஐ. உண்டானபோது நம்ம ஆற்காடு மிஷன் சபைகள் அதற்குள் வந்தன, லுத்தரன்கள் வரவில்லை. சி.எஸ்.ஐ.யில் வேலூர் தனி டயோசிஸ் (பேராயம்) ஆனது 1976ல். கத்தோலிக்க மறைமாவட்டம் அதற்கு முன்பே, 1952ல்.

கேள்வி: இந்தியர்களே அனுப்பிய மிஷனரிகள் பற்றிச் சொல்லுங்களேன்.

இதற்குத்தான் காத்திருந்தேன். 1903ல் திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்து, தங்கள் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்துச் சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். இரண்டிலும் திருநெல்வேலிக்காரரான வி.எஸ். அசரியாவின் கை உண்டு. 1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர் அவர்தான். பிற்காலத்தில் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1967ல் தருமபுரிப் பக்கம் பெரியமலையில் ஊழியம் ஆரம்பித்து, குஜராத்தின் டாங்ஸ் வரை போனது. வீட்டுக்கு வீடு உண்டியல், ஊருக்கு ஊர் ஜெபக்குழு, அதுதான் அவர்கள் பலம்.

நம்ம பக்கத்துக்கு வாருங்கள். திருப்பத்தூரில் 1921ல் கிறிஸ்துகுல ஆசிரமம். ஜேசுதாசன் தமிழர், ஃபாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர், இருவரும் டாக்டர்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே கூப்பிட்டது. கதர் கட்டி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கோயிலையும் கோபுரம் வைத்த திராவிடக் கட்டடமாகவே எழுப்பினார்கள். யார் சின்னண்ணன் தெரியுமா? வெள்ளைக்காரர். 1930களில் சென்னையில் கதரோடு நின்றதற்காகப் போலீசிடம் அடியும் வாங்கியிருக்கிறார். ஞானஸ்நான எண்ணிக்கை பார்த்தால் அந்த ஆசிரமம் பெரிய வெற்றி இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

கேள்வி: அங்கிள், குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் சபை ஆரம்பிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் என் கதை. இருபத்தைந்து வருஷம் முன்னால் நாங்கள் நாலு பேர் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் வாடகை வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கினோம். கூட்டம் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒருவர் பணம் தந்தார், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, மைக் செட், ஊழியருக்குச் சம்பளம் எல்லாம் வந்தது. மூன்றாம் வருஷம் பணம் நின்றது, ஊழியர் போனார், கொட்டகையில் இப்போது யாரோ வைக்கோல் போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருத்தரும் ஒரு படி அரிசிகூட அதற்கென்று எடுத்து வைத்ததில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. தப்பு எங்களுடையது.

அதனால் நீங்கள் முதலில் அங்கே குடியிருங்கள், ரேஷன் கடை வரிசையில் நில்லுங்கள். முதல் நாளிலிருந்தே செலவை வந்தவர்கள் தாங்கட்டும், கைப்பிடி அரிசி போதும். மைக்கை ஒளித்து வையுங்கள். கட்டடம் என்று வந்தால் வழிபாட்டு இடத்துக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும், வீடு என்று பிளான் வாங்கிவிட்டு சர்ச் கட்டினால் பிரச்சினை உங்களுக்குத்தான். வெளிநாட்டுப் பணம் யாராவது தருகிறேன் என்றால் நூறு முறை யோசியுங்கள், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே முடியாது.

இன்னொன்று. பட்டியல் சாதியினர் ஞானஸ்நானம் எடுத்தால் 1950 ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி. சலுகை போகும், தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுவார்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குகிறவர் மேய்ப்பர் இல்லை.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி ராணிப்பேட்டையில் பைபிள் உமனாக இருந்தார்களாம். பெயர்கூடத் தெரியவில்லை. எங்கே தேடுவது ஐயா?

முதலில் உங்கள் பாஸ்டரேட்டின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு. பெண்களை "இன்னார் மனைவி" என்று எழுதியிருப்பார்கள், எனவே கொள்ளுத்தாத்தா பெயரை முதலில் வீட்டில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகம் இருக்கிறது, முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டுப் போங்கள். அங்கே மிஷன் ஆண்டறிக்கைகளில் பிரசங்கப் பகுதியைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள் அம்மா, சம்பளக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மாதம் இத்தனை ரூபாய் என்று கொடுத்தவர்கள் பெயர் எழுதாமல் கொடுத்திருக்க மாட்டார்கள்.