பெருந்திரளணிக்கு ஒரு வாரம் பையனை அனுப்பினால் படிப்பு கெடாதா?

மணப்பாறையில் 2025-ல் நடந்த சாரணர் வைர விழா பெருந்திரளணி, அதாவது ஜம்போரி என்கிற பெரிய முகாமின் படங்களைப் பார்த்ததிலிருந்து, எட்டாவது படிக்கும் உங்கள் பையன் அடுத்த தேசிய முகாமுக்குப் போயே தீருவேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரத்தில் படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. நான் கேட்பது வேறு. பையன் நிஜமாகவே சாரணனா, இல்லை பள்ளியில் ஆள் கணக்குக்குச் சேர்த்துக்கொண்டவனா? கோபப்படாதீர்கள். நான் அந்த இரண்டாவது ரகம்.

ஊர், ஆண்டு, பள்ளி எதுவும் சொல்லமாட்டேன். எங்கள் சாரண ஆசிரியர் நல்ல மனிதர், இன்னும் இருக்கிறார். அணிக்கு எட்டுப் பேர் வேண்டும். கிளம்புகிற வாரம் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட்டது. அவன் சட்டை எனக்குச் சரியாக இருந்தது. என் தகுதி அவ்வளவுதான். சாம்பல் சட்டை, கருநீலக் கால்சட்டை, ஸ்கார்ஃப், அவன் உழைத்து வாங்கிய திரிதீய சோபான் (மூன்றாம் படி) பேட்ஜ் எல்லாம் என் மேல் ஏறின. மூன்று விரல் வணக்கமும் இந்திப் பிரார்த்தனைப் பாட்டும் ரயிலிலேயே கற்றுக்கொண்டேன். பாட்டுக்கு அர்த்தம் எங்களில் யாருக்கும் தெரியாது. மெட்டு வந்துவிட்டது.

பக்கத்துக் கூடாரத்தில் வடகிழக்குப் பையன்கள். அவர்களுடைய அணித் தலைவன் வந்து இடது கையை நீட்டினான். நான் வலது கையை நீட்டினேன். சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். கேடயம் பிடிக்கும் கை அது, அதைக் கொடுப்பவன் எதிரில் நிற்பவனை நம்புகிறான் என்று ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களிடம் சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். ரயில் பாடத்தில் இது விட்டுப்போச்சு. அவன் என் கையைப் பார்த்தான், பிறகு பேட்ஜைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் எல்லா அணிகளும் மூங்கிலில் வாசல் கட்டினோம். நான் கட்டிய மூலை மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. அவனே வந்து உட்கார்ந்தான். நட்ட மூங்கிலில் கிளோவ் ஹிட்ச் என்கிற முடிச்சு, குறுக்கு மூங்கிலோடு சேர்த்து மூன்று சுற்று, பிறகு இரண்டுக்கும் நடுவே புகுத்தி இறுக்கி இரண்டு சுற்று, கடைசியில் மறுபடி கிளோவ் ஹிட்ச். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அவன் கட்டுவான், அவிழ்ப்பான், கயிற்றை என்னிடம் நீட்டுவான். மூன்று நாள் இதே வேலை. தட்டு அடுக்க நான் கட்டிய ஸ்டாண்டு கடைசி நாள் வரை நின்றது.

கடைசி நாள் பேட்ஜ், ஸ்கார்ஃப் மாற்றிக்கொள்வது வழக்கம். அவன் தன் மாநில பேட்ஜைக் கொடுத்துவிட்டு என் ஸ்கார்ஃபைக் காட்டினான். அது அம்மை போட்டவனுடையது. பேட்ஜும்தான். என்னுடையது என்று கொடுக்க, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கில் மீதி இருந்த நாலுதான் இருந்தது. வாங்கிக்கொண்டு இடது கையை நீட்டினான்.

'இயக்கத்தைக் கேவலப்படுத்துகிறாயா' என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். 2023-ல் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் தேசியப் பெருந்திரளணிக்குக் கூடிய சுமார் 35,000 பேரும் என்னைப் போல வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகத் தயாராகி வருகிற பிள்ளைகள் முன்னால் வெட்கப்பட்டவன் என்கிற முறையில்தான் சொல்கிறேன்.

பயிற்சி நடந்தால்தானே தயாராவது? கால அட்டவணையில் சாரணர் வகுப்பு இருக்கும், கணக்கு வாத்தியார் வந்து எடுத்துக்கொள்வார். விளையாட்டுப் பீரியடும் அப்படித்தான். பத்தாவது வந்தால் ஓவிய ஆசிரியர் முகமே மறந்துவிடும். போன மாதம் என் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். பக்கத்தில் இருந்த பெற்றோர்களே என்னை முறைத்தார்கள். சரி, அது வேறு கதை.

பிரவேஷ் (சேர்க்கை), பிரதம சோபான் (முதல் படி), துவிதீய சோபான் (இரண்டாம் படி) என்று படிப்படியாக முடித்திருக்கிறானா என்று கேளுங்கள். முடித்திருந்தால் தாராளமாக அனுப்புங்கள். இல்லையென்றால் இப்போதே வாராவாரம் வகுப்புக்குப் போகட்டும். போகும்போது மாற்றிக்கொள்ள நாலைந்து பேட்ஜ், ஒரு ஸ்கார்ஃப் கூடுதலாக வைத்து அனுப்புங்கள். அவனுடையதாக இருக்கட்டும்.