வாசகர் கேள்வி பதில்: மெய்யியல் பேராசிரியரின் கொப்பிகள்

கேள்வி: அப்பா பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சைவ சித்தாந்தம், அளவையியல் விரிவுரைக் கொப்பிகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. புத்தகமாக்க ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, கோப்பாய்

பதில்: முதலில் கொப்பிகளைக் காப்பாற்றுங்கள். மாரி ஈரத்தில் இராமபாணப் பூச்சி பெருகும். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றுங்கள். ஈரமான தாளை வெயிலில் போடாதீர்கள். தாள் நொறுங்கும், ஊற்றுப்பேனை மை மங்கும். நிழலும் மின்விசிறிக் காற்றும் போதும். பிறகு 300 டிபிஐயில், நிறத்தில் ஸ்கான் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதியது விழாது. மாணவர் கேட்ட கேள்வியும் அதற்குச் சொன்ன உதாரணமும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். எங்களுக்கு அதுதான் பொக்கிஷம்.

இரண்டு பெட்டியையும் ஒரே புத்தகமாக்க நினைக்க வேண்டாம். கொப்பியில் “காட்சி, கருதல், உரை” (நேரில் காண்பது, ஊகித்தறிவது, நம்பத்தகுந்த வாக்கு) என்று மூன்று சொல்தான் இருக்கும். வகுப்பில் அது ஒரு மணிநேரப் பேச்சு. வாசகருக்கு வேண்டியது அந்தப் பேச்சு. ஆகவே ஒரு தலைப்பை மட்டும் எடுங்கள். அளவையையே, அதாவது அறிவைப் பெறும் வழிகளையே எடுக்கலாம்: சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவைகளைப் பத்து வரை எண்ணி, பின் இந்த மூன்றுக்குள் அடக்குகிறது. நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபு தனியாக வைக்கும் ஒப்புமை இங்கே எதற்குள் போகிறது, ஏன் போகிறது? இதை அப்பா சொல்லச் சொல்ல, போனில் அரை மணிநேரத் துண்டுகளாக ஒலிப்பதிவு செய்யுங்கள். எதிரே மெய்யியல் படிக்காத ஒருவர் இருந்து குறுக்கே கேட்கட்டும். அவர் விளங்கவில்லை என்று நிறுத்தும் இடத்தில் இன்னுமொரு பந்தி தேவை.

தட்டச்சை யுனிகோட்டிலேயே கேளுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பின்னர் மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொல்லும் தமிழாகி உளறும். அடிக்குறிப்புகளில் மேலைத்தேய நூற்பெயர்கள் சிதைவது இதனால்தான்.

ஸ்கான் பிரதியொன்றை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்பது பற்றியும் அப்பாவிடம் கேளுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் ஆவணப்படுத்தி வருகிறார்கள்.

கேள்வி: ஐ.எஸ்.பி.என். எண்ணை (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) புத்தகம் அச்சிட்ட பிறகு எடுக்கலாமா?
வாசகர், நல்லூர்

பதில்: முன்பே எடுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும் பின்னட்டையிலும் அது அச்சாக வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய நூலகம் வழங்குகிறது. 13 இலக்கங்களில் கடைசி, சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கம் பிழைத்தாலும் எண் செல்லாது. மாற்றமில்லாத மறுபதிப்புக்கு அதே எண் போதும். திருத்திய பதிப்புக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் எடுக்க வேண்டும்.