பல் பிடுங்கி மூன்று மணி நேரம் ஆகியும் உதடு மரத்தே இருக்கிறதே!

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லை ஊசி போட்டுப் பிடுங்கினார்கள். வலி இல்லை, ஆனால் பல்லை அசைத்து இழுப்பது நன்றாகவே தெரிந்தது. இப்போது மூன்று மணி நேரமாகியும் பாதி உதடு மரத்துக் கிடக்கிறது. நரம்பு பழுதாகிவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். கீழ்த்தாடைக்குப் போடும் ஊசியில் உதடு 3 முதல் 5 மணி நேரம்வரை மரத்திருப்பது வழக்கம்தான்.

ஊசியில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து. அது என்ன செய்கிறது என்று புரிய, முதலில் வலி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நரம்பு செல் சும்மா இருக்கும்போது அதன் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. பல் வேரில் ஏதாவது குத்தினால் செல் சவ்விலுள்ள நுண்வாசல்கள் திறந்து சோடியம் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற துகள்கள்) உள்ளே பாயும். மின்னழுத்தம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தலைகீழாகும். அந்த மாற்றமே பக்கத்து வாசலைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. இப்படியே மூளைத்தண்டுவரை ஓடி, நரம்பு முனையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டி அது அடுத்த செல்லைத் தூண்டினால்தான் செய்தி மேலே போகும். லிக்னோகெய்ன் செல்லுக்குள் புகுந்து, சோடியம் வாசலை உட்புறமிருந்து அடைத்துவிடுகிறது. செய்தி தாடையிலேயே நின்றுபோகிறது. (சீழ் பிடித்த பல்லைச் சுற்றி அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து உள்ளே புகத் திணறும். அங்கே ஊசி சரியாகப் பிடிக்காததற்கு அது ஒரு காரணம்.)

சரி, இழுத்தது எப்படித் தெரிந்தது? வலியைச் சுமக்கும் நரம்பு இழைகள் மெல்லியவை, சீக்கிரம் அடங்கிவிடும். அழுத்தத்தை உணர்த்துபவை தடித்தவை, மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தவை. அவை முழுதாக அடங்குவது கடினம். "அழுத்துகிற மாதிரி இருக்கும், வலிக்காது" என்று மருத்துவர் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். பலர் சொல்வதில்லை.

மருந்தோடு கொஞ்சம் அட்ரினலினும் சேர்ப்பார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மருந்து அங்கேயே தங்கி, மெதுவாகத்தான் ரத்தத்தில் கரைந்து போகும். மரப்பு நீடிப்பது அதனால்தான்.

உணர்வு திரும்பும்வரை சூடான காபி, டீ வேண்டாம். மெல்லவும் வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. குழந்தைகள் என்றால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையும் மரப்பு இருந்தால் பல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லின் வேருக்கு அருகிலேயே தாடை நரம்பு ஓடுவதால், பிடுங்கும்போது சில சமயம் அது நசுங்குவதுண்டு. அப்படியே ஆனாலும், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும்.