மகளிர் குழுக் கணக்கில் இருப்பு குறைவு என்று வங்கி கடன் தர மறுக்கலாமா?

கேள்வி: 12 பேர் கொண்ட எங்கள் குழு தொடங்கி 8 மாதம் ஆகிறது. வங்கிக் கணக்கில் இருப்பது 1,800 ரூபாய்தான் என்று கடன் இல்லை என்கிறார் மேலாளர். சரியா?

சரியில்லை. இருப்பு குறைவாக இருப்பது உங்கள் குழு நன்றாக நடப்பதற்கு அடையாளமாகவே இருக்கலாம். பணம் உள்கடனாக, அதாவது குழு தன் உறுப்பினர்களுக்கே கொடுக்கும் கடனாக, சுற்றிக்கொண்டிருக்கிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி பார்க்க வேண்டியது குழுவின் மொத்த நிதி. சேமிப்பு, உள்கடனில் வந்த வட்டி, திட்டத்திலிருந்து குழுவுக்குக் கிடைத்த சுழல்நிதி எல்லாம் அதில் சேரும்.

ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் 8 மாதத்தில் 19,200. வட்டி 800, சுழல்நிதி 15,000 என்று வைத்தால் மொத்தம் 35,000. முதல் முறை தரும் கடன் இதைப்போல் 6 மடங்கு, அதாவது 2,10,000. மொத்த நிதி குறைவாக இருந்தாலும் முதல் கடன் குறைந்தது 1.5 லட்சம். 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம்.

ஆனால் இந்த 35,000-இல் வங்கியில் உள்ள 1,800 போக மீதி 33,200 ரூபாய் யார் யாரிடம் இருக்கிறது என்பதற்கு உங்கள் நோட்டுதான் சாட்சி. பல குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். உள்கடன் கொடுத்த ஒவ்வொரு முறையும் தீர்மான நோட்டில் பெயர், தொகை, காரணம் எழுதி, வந்திருந்த எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதே தொகை பேரேட்டிலும் அவரது தனிநபர் பாஸ்புக்கிலும் ஒத்துப்போக வேண்டும். கடனுக்கு முன் குழுவைத் தரம் பிரிக்க வருபவர் முதலில் பார்ப்பது இதைத்தான். கடைசி வாரம் உட்கார்ந்து ஒரே பேனாவில் எட்டு மாதக் கணக்கை எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கடன் கேட்கக் குழு குறைந்தது 6 மாதம் நடந்திருக்க வேண்டும். அதையும் இந்த நோட்டை வைத்தே கணக்கிட வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல.

10 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது. சேமிப்புக் கணக்கை முடக்குவது, வைப்புத்தொகை கட்டச் சொல்வது இரண்டுமே விதிக்கு மாறானவை. ஒரு உறுப்பினரின் சொந்தக் கடன் பாக்கியைக் காட்டி மொத்தக் குழுவையும் தடுப்பதும் பொதுவாகச் செல்லாது. அவர் வேண்டுமென்றே கட்டாமல் விட்டவர் என்றால், பாக்கியைக் கட்டும் வரை அவருக்கு மட்டும் இந்தக் கடனில் பங்கு தர முடியாது.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். தீர்மான நகலுடன் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, வட்டார மகளிர் திட்ட அலுவலகம், பிறகு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் என்று போகலாம்.

கடன் வந்ததும் பன்னிரண்டாகச் சமமாகப் பிரிப்பது பெரிய தப்பு. தேவையில்லாதவர் வாங்கி வேறொருவருக்குக் கைமாற்றுவார், தவணை அங்கேதான் நிற்கும். யாருக்கு எதற்கு எவ்வளவு என்று விண்ணப்பத்துக்கு முன்பே கூட்டத்தில் எழுதி முடித்துவிடுங்கள்.