அவள் சிரித்ததாலா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. விடுமுறையில் பாட்டியும் பேத்தியுமாக, தமிழில் டப்பிங் செய்த மகாபாரதத் தொடரைப் போனில் பார்த்து வருகிறார்கள். போன வாரம் துகிலுரியும் பகுதி வந்தது. மகள் அழுதுவிட்டாள். "அத்தனை பெரியவங்க இருந்தாங்களே, ஏன் யாருமே தடுக்கலை?" என்றாள். என் மாமியார், "அவ அன்னைக்கு துரியோதனனைப் பார்த்துச் சிரிச்சா. குருடன் பிள்ளையும் குருடுதான்னு சொன்னா. அதோட வினைதான் இது" என்றார். "சிரிச்சதுக்கா சேலையை உருவுவாங்க?" என்று இவள் கேட்க, "சாமி கதையில எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது" என்று அதட்டிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தொடரையே நிறுத்திவிடு என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திண்டிவனம்

அன்புள்ள சகோதரி,

நிறுத்தாதீர்கள். இந்த இடத்தில் நிறுத்தினால், பாட்டி சொன்ன பதிலே கடைசிப் பதிலாக உங்கள் மகள் மனதில் தங்கிவிடும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் அந்தச் சிரிப்பைப் பார்ப்போம். உங்கள் மாமியார் இதை எங்கிருந்து எடுத்தார் என்று ஊகிக்க முடிகிறது. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் வந்த பி.ஆர். சோப்ராவின் தொடரில் திரௌபதி அந்த வசனத்தைச் சொல்வாள். இந்தி தெரியாத வீடுகளிலும் அதை உட்கார்ந்து பார்த்தோம், நானும் பார்த்தேன். ஆனால் வியாசர் பாரதத்தின் சபா பர்வத்தில் அந்த வசனம் கிடையாது. துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழும்போது சிரிப்பவர்கள் பீமனும் மற்றத் தம்பிகளும் வேலையாட்களும். திரௌபதியும் தோழிகளும் சிரித்தார்கள் என்பது பிறகுதான் வருகிறது. அதைச் சொல்வது யார்? துரியோதனன். பொறாமையில் வெந்துபோய், அப்பாவிடம் புகார் சொல்லும்போது சொல்கிறான். பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் மாமன் சகுனியிடம் அவன்தான் இதைச் சொல்லிப் புலம்புகிறான். அவமானப்பட்டவன் வாயிலிருந்து வந்த ஒரு வரி, காலப்போக்கில் ஒரு குத்தல் வசனமாக வளர்ந்து, அவளுக்கு நடந்த கொடுமைக்கே காரணமாகிவிட்டது.

சரி, அவள் சிரித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் மகள் கேட்டது அப்படியே நிற்கிறது. சிரித்ததற்கா?

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். "அவ சிரிச்சா, அதனால அவளுக்கு அப்படி ஆச்சு" என்று கேட்டு வளரும் பெண் பிள்ளை, நாளை பஸ்ஸிலோ டியூஷனிலோ யாராவது தப்பாக நடந்துகொண்டால் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். நான் சிரித்தேனா, நான் ஏதாவது பேசினேனா என்று யோசித்துவிட்டு, உங்களிடம் சொல்லாமலே இருந்துவிடுவாள். ஆகவே இதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "நீ கேட்டது சரிதான். சிரிச்சதுக்கு யாரும் யாரையும் தொடக் கூடாது." பாட்டி இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். பெரியவர் மனம் நோக வேண்டாம்.

எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்கிறாரே, அந்தச் சபையில் எதிர்க்கேள்வி கேட்டவளே திரௌபதிதான். சூதில் தோற்ற சேதி சொல்லி அவளை அழைக்க ஒருவன் வருகிறான். அவள் எழுந்து போகவில்லை. "போய் அந்தச் சூதாடியிடம் கேள். முதலில் தோற்றது தன்னையா, என்னையா?" என்று அவனைத் திருப்பி அனுப்புகிறாள். தன்னையே இழந்து அடிமையானவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது உரிமை என்பதுதான் உள்ளே இருக்கும் வாதம். தருமர் வாய் திறக்கவில்லை. பீஷ்மர், தர்மம் மிக நுட்பமானது, உன் கேள்விக்கு என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை என்கிறார். விதுரரும், துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணனும் அவள் பக்கம் பேசுகிறார்கள். விகர்ணனின் வாயை அடைத்து, அவளைக் கேவலமாகப் பேசி, துகிலை உரியச் சொன்னது கர்ணன். நாம் கொண்டாடும் கர்ணன். மகள் கர்ணனை ரசிப்பவளாக இருந்தால் இதையும் மறைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்கு அது தாங்கும்.

தொலைக்காட்சித் தொடர்களோடு எனக்குள்ள வருத்தமும் இங்கேதான். கதை இந்தக் கேள்வியைக் கடைசிவரை முடித்து வைக்காமல் விட்டிருக்கிறது. தொடரோ சேலை நீள்வதைத்தான் நீட்டி நீட்டிக் காட்டுகிறது. கண்ணன் காப்பாற்றினான், கை கூப்பினோம், சபையில் இருந்தவர்களை மறந்துவிடுகிறோம். பாரதி மறக்கவில்லை. சாத்திரம் பேசிய பீஷ்மரைப் பார்த்து, "பேயரசு செய்தால் பிணந்தின்னும் சாத்திரங்கள்" என்று பாஞ்சாலியைச் சொல்ல வைத்தார்.

மாமியாரை எப்படிச் சமாதானப்படுத்துவது? அவரிடம் வாதாட வேண்டாம். நீங்கள் இருப்பது திண்டிவனம். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி தொடங்கி, உங்கள் பகுதி முழுக்க திரௌபதி அம்மன் கோயில்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்காகத் திருவிழா நடக்கும் மண் அது. அவர் சின்ன வயதில் துகிலுரிதல் கூத்தைப் பார்த்திருப்பார். நான் பாட்டி மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துச்சாதன வேடம் கட்டியவர், சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். கூட்டத்தில் சிலருக்குச் சாமி வந்துவிட்டது. அந்த இரவில் யாரும் அவள் சிரித்ததைப் பற்றிப் பேசவில்லை.

மாமியாரிடம் அந்தக் கூத்து ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பேச்சு எடுத்தால் அவர் அதட்ட மாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் தொடரை விட்ட இடத்திலிருந்து மூன்று பேருமாகப் பாருங்கள். கேள்வி வந்தால் போனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அடுத்து வரம் கேட்கும் இடம் வரும். வியாசர் பாரதத்தில் திருதராஷ்டிரன் வரம் தருகிறேன் என்றதும், முதல் வரத்தில் தருமரின் விடுதலையைக் கேட்கிறாள், தன் மகன் பிரதிவிந்தியனை யாரும் அடிமையின் பிள்ளை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாவதில் மற்ற நால்வரையும் அவர்களுடைய தேர், வில்லோடு மீட்கிறாள். மூழ்க இருந்த பாண்டவர்களுக்குப் பாஞ்சாலி ஓடமானாள் என்று அதே கர்ணன் சொல்ல வேண்டியதாகிறது. மூன்றாவது வரமும் கேள் என்கிறான் கிழவன். பேராசை தர்மத்தைக் கெடுக்கும், போதும் என்று மறுத்துவிடுகிறாள்.

அந்த இடத்தில் மகளைக் கேளுங்கள், நீயாக இருந்தால் மூன்றாவதாக என்ன கேட்டிருப்பாய் என்று. பாட்டியையும் கேளுங்கள். இருவரும் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.